பொருத்தம் அறிந்து கொள்க

லினக்ஸ் கற்று வல்லார்க்கே உரியது, ஏனையோர்க்கு இடர் தருவது என்று கூறுவாருளர். அக்கூற்று முழுதும் பொய்யன்று. ஆயினும் பிழையை வேறிடத்திற் காண்பது. இடர் பெரும்பாலும் லினக்ஸினால் வருவதன்று. அதற்குப் பொருந்தாத மடிக்கணினியைக் கொள்வதனால் வருவது.

பிராசீன பாடசாலையில் இலக்கணம் கற்பிப்பவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என அன்பர் வினவலாம். காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அதனால், நன்னிலையிலுள்ள மடிக்கணினியை ஒதுக்கிவிட்டு, மகளின் காப்பை அடைவு வைத்துப் புதியதொன்று வாங்க முனைந்தார், என் மாணவி ஒருத்தியின் தந்தையார். “சற்றுப் பொறுங்கள்” என்றேன்.

1991இல் ஹெல்சிங்கியில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது. பழைய கணினிகள் பலவற்றிலும் நடப்பது. ஆயினும், எல்லாக் கணினியிலும் ஒருபடித்தாக நடப்பதன்று. மரம் என்னும் சொல்லோடு ஐயுருபு சேருங்கால், அத்துச் சாரியை இடைநின்று மரத்தை என முடிக்கின்றது. கணினியின் உறுப்புக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடைநின்று அவ்வாறு இசைவிப்பது இயக்கி என்னும் மென்பொருள். லினக்ஸில் இயக்கிகள் பெரும்பாலும் அதன் கருவினுள்ளேயே அடங்கியுள்ளன. உறுப்பைச் செய்தோர் அதன் இயல்பை மறையாது வெளியிட்டிருப்பின் இணைப்பு எளிதாகும், மறைத்திருப்பின் இடர்ப்படும்.

இதனை யான் பட்டே அறிந்தேன். முன்னொருமுறை மேனி மினுக்கைக் கண்டு மயங்கி ஒரு மடிக்கணினி வாங்கி, அதில் லினக்ஸை இட்டேன். வைஃபை எழவில்லை. மூடித் திறந்தாற் திரை இருண்டே கிடந்தது. ஒரு தவணை முழுதும் கைப்பேசியை வடத்தாற் பிணைத்து இணையம் பெற்றேன். குற்றம் லினக்ஸினதுமன்று, கணினியினதுமன்று; ஆராயாது கொண்ட எனதே.

ஆதலின், கொள்வோர் சிலவற்றை நோக்குதல் வேண்டும். வைஃபைச் சில்லு இன்டெல்லினதாயிற் பெரும்பாலும் இடரின்றி நடக்கும். புரோட்காமின் பழைய சில்லுகள் பல தனி மென்பொருளை வேண்டுவன. திரைக்காட்சிச் சில்லு இன்டெல் அல்லது ஏஎம்டி ஆயின் இயக்கி உள்ளேயே உண்டு; என்விடியாவாயின் தனி இயக்கியைப் பெரும்பாலும் நாம் இடவேண்டும். கைரேகை உணரிகள் பல இயங்குவதில்லை. நேற்று வெளிவந்த கணினியிலும் ஓரிரண்டு ஆண்டு பழகியது நன்று. அதன் உறுப்புக்களுக்குரிய இயக்கிகள் அதற்குள் அமைந்திருக்கும். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் தான் சோதித்துச் சான்றளித்த கணினிகளின் பட்டியலை யாவரும் காண வைத்துள்ளது. லெனோவோவின் திங்க்பேட் வரிசையிலும் டெல்லின் லற்றிடியூட் வரிசையிலும் பல அதில் இடம்பெற்றுள்ளன. எனினும், பெயரை மாத்திரம் நம்பற்க. ஒரே பெயருடைய கணினி வெவ்வேறு சில்லுகளோடு விற்கப்படுதலும் உண்டு.

யாவற்றினும் சிறந்த சோதனை ஒன்றுளது. லினக்ஸைப் பென்டிரைவ் ஒன்றில் இட்டுக் கடைக்குக் கொண்டுசெல்க. கணினியினுள் எதனையும் அழியாது, அப்பென்டிரைவிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கமரா, தொடுபலகை ஆகியவற்றைப் பரீட்சிக்க. மூடியை மூடித் திறந்து, உறங்கி எழுகின்றதா எனவும் காண்க. கால்மணி நேரம் போதும். இதற்கு ஒருப்படாத கடையினின்று வாளா திரும்புதலே அறிவுடைமை. மாணவர்க்குக் கணினி வாங்கும் பாடசாலைகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வனவாயின் வீண்செலவு பல ஒழியும்.

அத்தந்தையாரின் பழைய கணினியையும் இவ்வாறே சோதித்தோம். எல்லாம் இயைந்தன. இன்று அவர் மகள் அதிலேயே கட்டுரை எழுதுகின்றாள். எழுதும் கையிற் காப்பும் இருக்கின்றது.