கச்சத்தீவைப் படிக்க எம்.ஏ. வரை காத்திருக்க வேண்டுமா?

ப்ளஸ் டூ முடித்த பிள்ளை சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் நம் வீடுகளில் வரும் பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேலை கிடைக்காது. அது டெல்லிக்காரர்கள் படிப்பு. பேப்பர் படித்தாலே தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு டிகிரி எதற்கு? அவ்வளவு ஆசை இருந்தால் முதலில் பொருளாதாரமோ வரலாறோ படி, மற்றதை எம்.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் சொல்கிறார்கள், ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களில் வகுப்பெடுப்பவர்களும் சொல்கிறார்கள். இவற்றுள் கடைசிக் கருத்துதான் அறிவார்ந்தது போலத் தெரிகிறது. அதிகம் பேரை வெளியே நிறுத்துவதும் அதுதான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘சர்வதேச உறவுகள் என்பது வரலாறு, பொருளாதாரம், சட்டம், அரசியல் எல்லாம் கலந்தது. இவற்றில் ஒன்றிலாவது ஆழம் இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது மேலோட்டமாகத்தான் ஒட்டும்’ என்பது வாதம். முன்னோடிகளையும் சாட்சிக்கு அழைப்பார்கள். உலகின் முதல் சர்வதேச அரசியல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் நிறுவப்பட்டது. அதில் முதலில் அமர்ந்த ஆல்ஃபிரட் சிம்மெர்ன் கிரேக்க, லத்தீன் செவ்வியல் படித்தவர். 1936இல் அதே இருக்கைக்கு வந்த ஈ.எச். கார் படித்ததும் செவ்வியல்தான். உண்மை. ஆனால் அவர்கள் மாணவர்களாக இருந்தபோது இப்படி ஒரு பட்டமே கிடையாது. ஒரு துறையைத் தொடங்கி வைப்பவர்கள் வேறு துறையிலிருந்துதான் வந்தாக வேண்டும். கணினி அறிவியலின் முதல் தலைமுறை கணிதத்திலிருந்தும் மின்பொறியியலிலிருந்தும் வந்தது. அதைக் காட்டி பி.எஸ்சி. கணினி அறிவியலை மூடச் சொல்பவர் யாரும் இல்லை.

அதே 1919இல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வெளியுறவுப் பணிக்கான பள்ளியைத் தொடங்கியது. அமெரிக்க அரசு தன் தூதர் பணியையும் துணைத்தூதர் பணியையும் இணைத்து ஒரே வெளியுறவுப் பணியாக்கியது 1924இல்தான். பணி உருவாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே படிப்பு வந்துவிட்டது. பில் கிளிண்டன் 1968இல் அந்தப் பள்ளியில் வாங்கியது இளங்கலைப் பட்டம்.

அப்படியானால் இது முதுகலைக்கு உரிய பாடம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? பாடத்தின் இயல்பிலிருந்து வரவில்லை, நிறுவனங்களின் வரலாற்றிலிருந்து வந்தது. 1955இல் டெல்லி சப்ரு ஹவுஸில் ‘இந்தியன் ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ்’ தொடங்கப்பட்டது. அது முனைவர் பட்ட ஆய்வுக்கென்றே எழுந்த நிறுவனம். 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, எம்.ஏ. வகுப்புகள் அதற்குப் பிறகு வந்தன. நாட்டில் இந்தத் துறைக்கே முகமாக நின்ற நிறுவனம் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்கள் மாடிதான் இதன் இடம் என்று முடிவுகட்டிக்கொண்டார்கள். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அப்படி நினைக்கவில்லை. அங்கே இதற்கெனத் தனித் துறை வைத்து இளங்கலையிலேயே சொல்லித் தருகிறார்கள்.

‘எம்.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில் எனக்குக் கோபம் வரும் இடம் இன்னொன்று. ஐந்து ஆண்டு படிக்க வசதியுள்ள வீட்டுக்கு அது வெறும் தள்ளிவைப்பு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கோ அது மறுப்பு. மூன்றாம் ஆண்டு தேர்வு எழுதிய கையோடு சம்பளத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகள் நம் அரசு கலைக் கல்லூரிகளில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்நாளில் படிக்கப்போகும் ஒரே பட்டத்தில் ஒரு பாடம் இல்லை என்றால், அவர்கள் வாழ்க்கையிலேயே அது இல்லை. மொழியையும் சேர்த்துப் பாருங்கள். சீனமோ அரபியோ சிங்களமோ இரண்டே ஆண்டு எம்.ஏ.வில், ஆய்வறிக்கைக்கு நடுவே, புதிதாகத் தொடங்கித் தேறுவது எத்தனை பேரால் முடியும்? பதினெட்டில் தொடங்கினால் இருபத்தொன்றில் அந்த மொழிப் பத்திரிகையைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்கலாம்.

‘பேப்பர் படித்தாலே போதும்’ என்பது அடுத்த வாதம். நமக்கு மிகப் பழக்கமான ஒரு செய்தியை வைத்தே இதைப் பார்க்கலாம். கச்சத்தீவைப் பற்றிக் கருத்து இல்லாத தமிழர் அரிது. 1974இல் தீவை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் மீனவர்கள் பிடிபடுகிறார்கள் என்பது செய்திகளிலும் மேடைகளிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட வரி. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

படித்துப் பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லைக்கோடு போட்டது. தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. ஆனால் அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்று வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அந்த ‘உரிமை’யில் மீன்பிடிப்பு சேருமா, பயணம் மட்டும்தானா என்பது இன்றுவரை வழக்கு. கதவை இறுக்கிச் சாத்தியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலிலும் இலங்கை மீனவர்கள் இந்தியக் கடலிலும் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்ற வரி அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துத் தீர்மானம் போட ஒரு மாநில அரசே இல்லாத வாரங்களில் மீனவரின் தொழிலைத் தொடும் வரி எழுதப்பட்டது. அதே 1976இல், கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் மிகுந்த வெட்ஜ் பேங்க் பகுதி இந்தியாவின் கடல் என்பது உறுதியானது. மேடைகளில் அது வருவதில்லை.

இதோடு முடிவதில்லை. மீனவர்கள் எல்லை தாண்ட வேண்டிவந்தது ஏன் என்று கேட்டால் கதை 1952க்குப் போகிறது. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் கையெழுத்திட்ட இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கியது, 1960களில் மண்டபம் வரை விரிந்தது. இழுவைமடி விசைப்படகு நம் கரைகளில் பெருகியதற்குப் பின்னால் இப்படி ஒரு வெளிநாட்டு உதவித் திட்டமும் இருக்கிறது. நம் பக்கத்துக் கடலடி வறண்டது, படகுகள் அந்தப் பக்கம் போயின. அங்கே போரில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கடலை இழந்திருந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய வலைகளை அறுத்தது இந்த இழுவைமடி. இலங்கையில் 2017இல் இழுவைமடிக்குத் தடை கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை முன்மொழிந்தவர் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன். சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவனுக்கும் நடக்கும் சண்டை என்று மட்டும் சொல்லிப் பழகிய கதைக்குள் தமிழ் மீனவனுக்கும் தமிழ் மீனவனுக்கும் இடையிலான சண்டை இருக்கிறது. நமக்கு அது வலிக்கும் உண்மை.

பிடிபட்ட மீனவரைத் துணைத்தூதர் போய்ப் பார்ப்பது சலுகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவின்படி அது உரிமை. பாகிஸ்தானில் சிறைபிடிக்கப்பட்ட இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தான் மீறியதாகச் சொன்னது இந்தப் பிரிவைத்தான். ஒப்பந்தம், கடிதம், உதவித் திட்டம், சட்டத் திருத்தம், தீர்ப்பு ஆகிய ஐந்தையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி, யாருடைய வாதம் எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பது ஒரு பயிற்சி. நாளிதழ் நேற்று எத்தனை பேர் கைதானார்கள் என்று சொல்லும். அதன் வேலை அது. இந்தப் பயிற்சியைத் தர அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

‘டெல்லிக்காரர் படிப்பு’ என்ற வாதத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி விதிக்கப்பட்டது. மாஸ்கோவிலிருந்து வந்த எண்ணெய்க்குத் திருப்பூரில் பனியன் தைப்பவர் வேலையிழக்கும் நிலை வந்தது. பத்தாம் வகுப்பு தேறாமல் வளைகுடாவுக்குப் போகிறவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை வேண்டும் என்ற முத்திரை விழுவது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. இருங்காட்டுக்கோட்டைக்குக் கொரிய நிறுவனம் வந்ததும், 2010இல் கொரியாவோடு வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் இதே பாடத்துக்குள் அடங்கும். இவற்றையெல்லாம் டெல்லியில் தீர்மானிக்கிறார்கள் என்பது சரிதான். விளைவைச் சுமக்கும் ஊர்களிலிருந்து ஆள் போகாதவரை அது அப்படியேதான் இருக்கும். தெற்குக்கும் இதில் பங்கு இருந்திருக்கிறது. அந்த 1955ஆம் ஆண்டு டெல்லி நிறுவனத்தை இயக்குநராக இருந்து கட்டியெழுப்பிய ஏ. அப்பாதுரை, அதற்கு முன் தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதார நிலையை ஆராய்ந்து நூலெழுதியவர். அதை வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம்.

இது மேற்கத்தியப் பாடம் என்ற வாதமும் உண்டு. அதில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. நாடு, அதிகாரம் பற்றிய கோட்பாடுகள் ஐரோப்பியப் போர்களிலிருந்து பிறந்தவை, பாடநூல்களும் அங்கிருந்தே வருகின்றன. ஆனால் சோழர் தூதுக்குழு 1015இல் சோங் சீனத்துக்குப் போனது, 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளில் மலாக்கா நீரிணை வணிகத்தில் என்ன நடந்தது என்பதைப் பெருமைக்காக இல்லாமல் ஆய்வாகக் கேட்பதற்கும் இந்தத் துறையில் இடமுண்டு. கேட்க நம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும்.

வேலைக்கு வருகிறேன். பி.ஏ. சர்வதேச உறவுகள் என்று சான்றிதழைக் காட்டிய உடனே நாற்காலி போட யாரும் காத்திருக்கவில்லை. பி.ஏ. வரலாற்றுக்கும் பி.எஸ்சி. வேதியியலுக்கும் நிலைமை அதுதான். பெற்றோரிடம் இதை மறைத்துப் பேசுவது தவறு. ஆனால் ஏற்றுமதி நிறுவனம், கப்பல் முகமை, சென்னையிலுள்ள துணைத்தூதரகங்கள், செய்தி நிறுவனம், புலம்பெயர் தொழிலாளர் அமைப்பு, மாநில அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை சார்ந்த பணிகள் ஆகிய இடங்களில் நீண்ட ஆவணத்தைச் சுருக்கி எழுதவும் இன்னொரு நாட்டின் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. கூடவே கொரியமோ ஜப்பானியமோ தெரிந்தால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே கதவு திறக்கும்.

‘ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக எந்த டிகிரியும் போதும், வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரே வேதியியல் படித்தவர்தானே’ என்பார்கள். எந்தப் பட்டமும் போதும் என்பது தேர்வெழுதும் தகுதிக்கான விதி. தேர்வுக்குள்ளே அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்தே ஒரு விருப்பப் பாடமாக இருக்கின்றன, பொதுப்பாடத் தாளிலும் அண்டை நாட்டு உறவு வருகிறது. ஜெய்சங்கர் இளங்கலையில் வேதியியல் படித்தார். அதன் பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றார் என்பதை விட்டுவிடுகிறார்கள். அவருடைய தந்தை திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம், இந்தியாவின் பாதுகாப்புச் சிந்தனையை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். சாப்பாட்டு மேசையிலேயே அணுக்கொள்கை பேசப்பட்டிருக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த இளங்கலை தேவைப்படாமல் இருக்கலாம். பரமக்குடியில் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த மேசை கல்லூரியில்தான் கிடைக்க முடியும்.

எதிர்ப்பவர்கள் சொல்லாத ஒரு குறையை நானே சொல்கிறேன். இந்தப் பெயரில் நடக்கும் பட்டங்களில் சில மோசமானவை. யதார்த்தவாதம், தாராளவாதம் என்று கோட்பாட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்து, ஒரு ஒப்பந்தத்தைக்கூட முழுதாகப் படிக்க வைக்காமல் மூன்று ஆண்டுகளை முடித்துவிடுகிறார்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாது. விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அயல்மொழி ஒன்று குறைந்தது நான்கு பருவங்களுக்கு இருக்கிறதா, சர்வதேசச் சட்டமும் அடிப்படைப் புள்ளியியலும் கட்டாயப் பாடங்களா, மூல ஆவணங்களைப் படிக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வேறு கல்லூரி தேடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. இந்தப் பட்டம் அரசு கலைக் கல்லூரிகளுக்கு, அரசு கலைக் கல்லூரிக் கட்டணத்தில், வர வேண்டும். சென்னையில் தொடங்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் முதலில் தொடங்கலாம். கடல்சார் சட்டமும் சிங்களமும் முதலாண்டுப் பாடமாகவே இருக்கட்டும்.