பொல்பலாவும் ஒரு போத்தல் தண்ணீரும்



"கிட்னியில 4 மில்லிமீட்டர் கல்லு இருக்குன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. பொல்பலா அவிச்சுக் குடிச்சா கரைஞ்சிருமா?" நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்குச் சொல்லும் பதில் உங்களில் பலருக்கும் உதவும்.

பொல்பலா நம் சிறுபீளைதான். கல்லடைப்புக்கு நெருஞ்சில், மாவிலங்கப்பட்டையோடு இதையும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆய்வுகூடத்தில் எலிகளுக்குக் கல் உண்டாக்கி, பிறகு சிறுபீளை கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் கல்லுக்குக் காரணமான ஒக்சலேட் குறைந்தது. வாழைத்தண்டுச் சாறும் எலிகளிடம் பாஸாகிவிட்டது. ஆனால் எலிக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கீழாநெல்லியை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் 69 நோயாளிகளை வைத்து 3 மாதம் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. எல்லோருக்கும் பலன் இல்லை. சிறுநீரில் கல்சியம் அளவுக்கு மீறிப் போனவர்களுக்கு மட்டும் அது குறைந்தது. 2006இல் இத்தாலியர்கள், அதிர்வலையால் கல்லை உடைத்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லி கொடுத்தார்கள். சிறுநீரகத்தின் அடிப்பக்கத்தில் கல் இருந்தவர்களில் மருந்து எடுத்தோருக்கு 93.7 வீதமும் எடுக்காதோருக்கு 70.8 வீதமும் கல் நீங்கியது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, துணை மருந்தாகக் கீழாநெல்லிக்கு ஓர் இடம் இருக்கலாம். கல்லைக் கரைத்துவிடும் என்று சொல்ல இது போதாது.

அப்படியென்றால் கஷாயம் குடித்துக் கல் விழுந்தவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே விழுந்துவிடும். பேர் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கஷாயத்திலும் முக்கால்வாசி தண்ணீர்தானே! தண்ணீருக்குத்தான் உறுதியான சாட்சி இருக்கிறது. முதல்முறை கல் வந்த 199 பேரை இத்தாலியில் 5 வருடம் கவனித்து 1996இல் எழுதினார்கள். தினம் 2 லீட்டர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மறுபடி கல் வந்தது. மற்றவர்களில் 27 பேருக்கு.

பச்சைச் சாறு என்றால் எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கொலஸ்ட்ரோலுக்கு என்று குடித்துச் சிறுநீரகம் பழுதான 10 பேரைப் பற்றிக் கேரள வைத்தியர்கள் 2013இல் எழுதினார்கள். 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. பிலிம்பிக்காயைப் போலவே காமரங்காவிலும் அதே ஒக்சலேட் நிறைய உண்டு. பிளேன்டீயிலும் கொஞ்சம் இருக்கிறது. பால் சேர்த்தால் பாலின் கல்சியம் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கருவாட்டு உப்பைக் குறைத்தால் இன்னும் நல்லது.

இடுப்பு வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அடுப்பில் கஷாயம் கொதிக்கும்வரை காத்திருக்காமல் உடனே கிளங்கன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்தில் பேசிய அதே நாளில் திறந்துவைத்த 150 கட்டில் கட்டடம் நமக்காகக் கட்டப்பட்டதுதான்.

சகோதரியே, தண்ணீர் குடியுங்கள் என்று எழுதுவது எனக்குச் சுலபம். இந்தக் குளிரில் தாகமே தெரியாது. தெரிந்தாலும், காலையில் கூடையைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறும் பெண்கள் தண்ணீர்ப் போத்தலைத் தொடாமலே நிரையில் நிற்பது ஏன் என்று உங்களுக்குத் தெரியும், துரைமாருக்கும் தெரியும். ஒதுங்க இடமில்லை. பகல் நிறுவை முடிந்து லயத்துக்கு வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிரைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டுவது எந்த மூலிகையையும்விட நல்ல வைத்தியம் என்பது என் கட்சி.

உங்கள் டிவிஷனில் மலையில் கழிப்பறை இருக்கிறதா, கதவும் தண்ணீரும் இருக்கிறதா என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்