வீட்டில் அடி, உதை: 18 வயசு தாண்டினா யாரைக் கூப்பிடுவது?

காரைக்கால் தருமபுரத்தில் (ஆதீனம் இருக்கும் மயிலாடுதுறை தருமபுரம் வேற) ஒரு வீட்டில் அப்பா எல்லோரையும் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு வயது 16, 19, 21.

16 வயதுப் பிள்ளைக்கு 1098. நடுராத்திரியிலும் எடுப்பார்கள். விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும்.

19 வயது மகளுக்கு 181. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும்தான்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை, மகளும் மனு போடலாம். அடிக்குப் பயந்து நாகப்பட்டினத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டால்? காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், நாகை தமிழ்நாடு. ஆனாலும் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம் என்கிறது பிரிவு 27. வக்கீல் செலவுக்கும் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். அதற்கு 15100.

21 வயது மகன்? இங்கேதான் சட்டம் கைவிடுகிறது. 1098-க்கு வயது தாண்டிடுச்சு. 2005 சட்டத்தில் பெண்கள்தான் மனு போட முடியும். 112-ஐ அழைத்து போலீசில் புகார் கொடுக்கலாம். பெத்த அப்பா மேல எஃப்ஐஆர் போட எத்தனை பேர் போவாங்க? அம்மாவோ தங்கையோ மனு போட்டால், அவர்களுக்குத் துணை நிற்பவரையும் அடிக்கக் கூடாது என்று பிரிவு 18-ல் உத்தரவு கேட்கலாம். அவருக்கு இருக்கும் சின்ன இடுக்கு அதுதான்.