குளம் சொல்லாததைக் குளிர் சொல்லும்

நீச்சல் குளத்தில் 10 கிலோமீட்டர் அசராமல் நீந்துகிறவருக்குக் கடல் ஆசை வருவது இயல்புதான். ஆனால், ஆங்கிலக் கால்வாயை நீந்தப் பதிவு செய்பவரிடம் முதலில் கேட்கப்படுவது தூரக் கணக்கு அல்ல. 16 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைந்த வெப்பநிலையுள்ள நீரில் 6 மணி நேரம் தொடர்ந்து நீந்தியதற்கான சான்று! குளிர் தாங்கும் உடை கூடாது. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி... அவ்வளவுதான்.

ஏன் 6 மணி நேரம்? முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தை உற்சாகமே ஓட்டிவிடும். பிறகுதான் உடம்பு பேசத் தொடங்கும். விரல்களைச் சேர்த்துப் பிடிக்க முடிகிறதா? பெயரைக் கேட்டால் நாக்கு குழறுகிறதா? குடித்தது வயிற்றில் தங்குகிறதா? நம் ஊர் வெதுவெதுப்பான கடலில் இதெல்லாம் தெரியாது.

வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், 1971-ல் பாக் நீரிணையை 51 மணி நேரத்தில் போகவர நீந்தியவர். அப்பேர்ப்பட்டவர் 1984-ல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரிழந்தார். அதே கால்வாயை 1994-ல், 12 வயதில் நீந்திக் கடந்தார் நம் குற்றாலீஸ்வரன். வயதையோ பழைய சாதனையையோ வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

இன்னொன்று, குளிர் ஏறிய மூளைக்குத் தன் நிலை புரியாது. ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்றே சொல்லும். படகைப் பிடித்துவிட்டால் முயற்சி முடிந்ததாகக் கணக்கு என்பதால், உடன் வரும் சொந்தங்களுக்கும் கை நீட்ட மனசு வராது. ‘போதும், ஏறு’ என்று சொல்லப்போவது யார், சொன்னால் மறுபேச்சின்றி ஏறுவீர்களா என்பதைக் கரையிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.