உழக்கும் மிஞ்சாத கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள். ஏன் மிஞ்சவில்லை என்று கேட்டார்களா? இல்லை! மிஞ்சாது, ஆகவே கணக்கே பார்க்காதே என்று உழவனுக்கு ஓதினார்கள். தலைவிதி என்றொரு தாழ்ப்பாளையும் போட்டார்கள்.

தோழர்களே! பார்க்கக் கூடாதென்ற அந்தக் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

விதை, உரம், டீசல், ஆட்கூலி எனக் கைவிட்டுப் போன காசை அரசின் ஏடு 'ஏ2' என்கிறது. வீட்டார் உழைப்புக்கும் கூலி கட்டிச் சேர்த்தால் 'ஏ2+எஃப்எல்'. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் கூட்டினால் 'சி2'. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் 50 விழுக்காடேனும் சேர்த்து விலை தருக என்று 2006-இல் பரிந்துரைத்தது. எந்தச் செலவு? அங்கேதான் நுழைந்தது சூழ்ச்சி!

2018-இல் ஒன்றரை மடங்கு தந்துவிட்டோம் என்று முழங்கினர் ஒன்றிய ஆட்சியினர். சாதாரண நெல் குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். 'ஏ2+எஃப்எல்' செலவாகிய 1,166-க்கு அது ஒன்றரை மடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் 'சி2' செலவு 1,560! அதன் ஒன்றரை மடங்கு 2,340 அல்லவா? குவிண்டாலுக்கு 590 ரூபாய் எங்கே போயிற்று?

சொந்த நிலத்துக்கு வாடகை ஏது என்று கேட்கும் மேதைகள் உண்டு. சொந்தக் கட்டடத்தில் ஆலை நடத்தும் முதலாளி தன் இடத்தை இலவசமென்றா எண்ணுகிறான்? அடுத்த வரப்பில் குத்தகைக்கு உழுபவன் அதே வாடகையைக் கண்ணெதிரே அளக்கிறானே! விலையோ இருவர்க்கும் ஒன்றுதான்.

'குடும்பம் பிழைத்துத்தானே கிடக்கிறது' என்பது அடுத்த வாதம். எதனால் பிழைக்கிறது? 2018-19-ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வில், உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். பயிர் தந்தது 3,798. கூலியும் சம்பளமும் தந்தவை 4,063. நிலம் குடும்பத்தைக் காக்கவில்லை, வெளிவேலைக்குப் போன மகன் நிலத்தைக் காக்கிறான்! பாதிக் குடும்பங்கள் கடனில்.

நம் வீட்டையும் விட்டுவிடலாகாது. நாற்று நட்டு, களை பறித்து, மாட்டுக்கும் தீவனமிடும் தாயின் உழைப்புக்கு அரசின் ஏடாவது ஒரு கூலியைக் குறிக்கிறது, நாம் குறித்ததுண்டா? இளைஞனே, இந்தப் போகம் களத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகத்துடன் போ. முதல் வரியில் உன் தாயின் நாட்கூலியை எழுது.