திரையிலே விலை! தெருவிலே நெல்!

ஆரணி நகருக்கு இரண்டு ஓசைகள் உண்டு. ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று அரிசி ஆலையின் ஓசை. ஊரைச் சுற்றி விளையும் நெல், ஆரணியிலும் களம்பூரிலும் உள்ள ஆலைகளில் அரிசியாகி, ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு சென்னைக்குப் போகிறது. ஊருக்குள் நெய்யும் பட்டு, அதே பெயரைச் சுமந்துகொண்டு மணமேடைக்குப் போகிறது. பெயர் ஆரணிக்குக் கிடைத்துவிட்டது. பொருள் யாருக்குக் கிடைக்கிறது?

இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஓசை ஒன்று எழுந்திருக்கிறது. அது கைப்பேசியின் மணியோசை. 'உழவனே! உன் துன்பத்துக்கெல்லாம் காரணம் உன் அறியாமை. எந்த ஊரில் என்ன விலை என்று தெரியாமல் ஏமாந்தாய். இதோ இணையம் வந்துவிட்டது. விரலால் தொடு, விலை தெரியும். விலை தெரிந்தால் விடுதலை!' என்கிறது அந்த ஓசை. அமைச்சர்கள் சொல்கிறார்கள், வணிக நிறுவனத்தார் சொல்கிறார்கள், வயலில் நின்று படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் இளைஞர்களும் சொல்கிறார்கள்.

சொல்பவர்கள் அனைவரும் தீயவர்கள் என்று நான் கூறவில்லை. ஆனால் சொல்லப்படுவது முழு உண்மையா? நாடகம் எழுதுகிறவன் நான். ஆகவே ஒரு சிறு காட்சியைக் காட்டிவிட்டுப் பிறகு பேசுகிறேன்.

இடம்: ஆரணிக்கு அருகே ஒரு சிற்றூர்ச் சாலை. காலம்: அறுவடைக்கு மறுநாள் மாலை. சாலையின் பாதியை அடைத்துப் பரப்பிய நெல். மேற்கே கருமேகம். உழவர் ஒருவர் நிற்கிறார். தரகர் வருகிறார்.

தரகர்: என்ன அண்ணா, விலை பார்த்தீர்களா?

உழவர்: பார்த்தேன், தம்பி. எல்லா ஊர் விலையும் கைப்பேசியிலே இருக்கிறது.

தரகர்: இருக்கட்டும். அதைவிடக் குறைத்துத்தான் நான் தருவேன்.

உழவர்: ஏன் குறைக்க வேண்டும்?

தரகர்: (வானத்தைக் காட்டுகிறார்) மழை வருகிறது, அண்ணா.

திரை விழுகிறது.

தோழர்களே, இந்தக் காட்சியில் தரகர் பொய் எதுவும் சொல்லவில்லை. மழை மெய்யாகவே வருகிறது. உழவரும் அறியாதவர் அல்லர். விலை அவருக்குத் தெரியும். தெரிந்தும் தோற்கிறார். ஏன் தோற்கிறார்? நெல்லை உலர்த்த அவருக்குக் களம் இல்லை. சேர்த்து வைக்கக் கிடங்கு இல்லை. கடன்காரனை ஒரு மாதம் காக்க வைக்கப் பணம் இல்லை. விலையை அறிவதற்குக் கண் போதும். விலையைச் சொல்வதற்கோ காலூன்றி நிற்க இடம் வேண்டும். கண்ணுக்கு ஒளி தந்தவர்கள், காலுக்குத் தரை தந்தார்களா?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் பேசுகிறான், பொருளாதாரம் இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். படித்தவர்கள் ஆராய்ந்து எழுதியதையே எடுத்து வைக்கிறேன். அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையே கைப்பேசி பரவியது. முன்பு ஒரு துறையில் மத்தி மீன் வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டப்படும்; சில கல் தொலைவில் உள்ள மறு துறையில் மீன் கிடைக்காமல் வாங்குவோர் திரும்பிப் போவர். கைப்பேசி வந்த பிறகு மீனவர் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, நல்ல விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பினர். மீனவர் ஆதாயம் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற அறிஞர் 2007-ல் எழுதிய ஆய்வு இது. இணையத்தைப் போற்றுவோர் எல்லா மேடையிலும் இதை எடுத்துக் காட்டுகிறார்கள். நாமும் போற்றுவோம். ஆனால் ஒன்றை மறக்கலாமா? மீனவரிடம் கைப்பேசி மட்டுமா இருந்தது? படகு இருந்தது! செய்தி வந்ததும் திரும்புவதற்குச் சுக்கான் கையில் இருந்தது. சாலையில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்க்கும் நம் உழவரிடம் எந்தப் படகு இருக்கிறது?

அடுத்தது மத்தியப் பிரதேசம். ஐ.டி.சி. நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அங்கே 'இ-சௌபால்' என்ற பெயரில் சிற்றூர்களில் கணினி வைத்தது. சோயா விளைவிப்போர் அன்றாட விலையை அதில் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விலையும் சற்றே உயர்ந்தது; சராசரியாக 2 விழுக்காட்டுக்கும் சிறிது குறைவு என்று ஆய்வு கூறுகிறது. ஆனால் அங்கேயும் கணினி தனியாக வரவில்லை. அதே நிறுவனம் கொள்முதல் நிலையம் திறந்தது. எடைப் பாலம் வைத்தது. சந்தைக்குப் போட்டியாக நின்று தானே வாங்கியது. உழவனுக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்தது. ஆகவே முதல் வாசலில் இருந்தவன் இறங்கி வந்தான்.

மூன்றாவது மராட்டியம். அங்கே 100 சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து, உழவர் சிலருக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகச் சந்தை விலையையும் வானிலையையும் அனுப்பிப் பார்த்தார்கள். செய்தி பெற்றவர்களுக்குப் பெறாதவர்களைவிட நல்ல விலை கிடைத்ததா? குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணோம் என்று 2012-ல் வெளியான ஆய்வு சொல்லிற்று. செய்தி போயிற்று, படகு போகவில்லை, வாசல் திறக்கவில்லை. செய்தி செய்தியாகவே நின்றுவிட்டது!

மூன்று ஊர்க் கதையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. திரை, வலிமை உள்ளவனுக்கு மேலும் வலிமை சேர்க்கும். வலிமை இல்லாதவனுக்கு, தான் எவ்வளவு இழந்தோம் என்று துல்லியமாகக் கணக்குக் காட்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? 1928-ல் வேளாண்மைக்கான அரச ஆணையம், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்றது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் எழுந்தது. அந்தச் சட்டம் எதைக் கேட்டது? சரியான தராசைக் கேட்டது; நாலு பேர் அறிய ஏலத்தைக் கேட்டது; பொருளை இறக்கி வைக்க இடத்தைக் கேட்டது. பொருள் விற்கிறவன் நிற்பதற்கு ஒரு தரையை அமைத்த பிறகே விலையைப் பற்றிப் பேசியது.

2016 ஏப்ரல் 14 அன்று ஒன்றிய அரசு 'இ-நாம்' என்ற மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. முதலில் 21 சந்தைகள். இன்று ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டு விற்பனைக் கூடங்கள் பலவும் அதில் இணைந்துள்ளன. கொள்கை நல்லதுதான். தொலைவில் உள்ள வணிகரும் ஏலம் கேட்கலாம். பணம் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் தொலைவில் உள்ளவன் கேட்க வேண்டுமானால் நெல்லின் தரத்தை இங்கே ஒருவர் அளந்து உறுதி கூற வேண்டும்; விற்ற மூட்டை போய்ச் சேர வண்டி வேண்டும். தரம் பார்க்கும் கருவியும் ஆளும் இல்லாத கூடத்தில், பழைய வணிகர்களே பழைய இடத்திலே அமர்ந்து, வாயால் கேட்ட விலையை விரலால் கேட்பார்கள். விலை மாறுமா?

இதைக்கூடப் பொறுக்கலாம். 2020-ல் வந்த வேளாண் வணிகச் சட்டத்தை மறந்துவிட்டோமா? சந்தைக் கூடத்துக்கு வெளியே, 'பான்' அட்டை வைத்திருக்கும் எந்த வணிகரும் விளைபொருளை வாங்கலாம் என்றது அந்தச் சட்டம். எந்த நிறுவனமும் மின்னணு வணிகத் தளம் அமைக்கலாம் என்றது. சரி, வாங்கியவன் ஏமாற்றினால்? உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாதே. கோட்டாட்சியரிடம் மனுக் கொடு என்றது! ஒரு பக்கம் நிறுவனத்துக்குத் தளம். மறு பக்கம் உழவனுக்கு மனு. சுதந்திரச் சந்தை என்று அதற்குப் பெயர்! 2020 நவம்பர் முதல் டெல்லி எல்லையில் குளிரிலும் மழையிலும் ஓராண்டுக் காலம் உழவர்கள் அமர்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அங்கே அமர்ந்திருந்தவர்கள் கையிலும் கைப்பேசி இருந்தது, தோழர்களே. தங்கள் செய்தியைத் தாங்களே உலகுக்குச் சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள். வென்றது கருவியா? கருவியைப் பிடித்துக்கொண்டு கூடி நின்ற கூட்டமா?

உழவனுக்கு உள்ள இந்த நிலை, ஊருக்குள் தறிக்குழியில் கால் வைத்திருக்கும் நெசவாளிக்கும் உண்டு. பட்டின் முதல் இழையே ஒரு வேளாண் விளைபொருள்தானே! கூட்டுக்குள் இருக்கும் புழு பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்; பிறகு அந்தக் கூட்டில் அறுபடாத நூல் எடுக்க முடியாது. பட்டுக்கூடு விற்பவனும் காத்திருக்க முடியாதவன். அதை உணர்ந்துதான் மைசூர் மாநிலம் 1959-லேயே பட்டுக்கூட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது.

அந்த நூல் ஆரணிக்கு வந்து பாவாகி ஊடையாகிச் சேலையாகிறது. நெய்தவர், தாம் நெய்த சேலை இணையக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்று கைப்பேசியிலே பார்க்கிறார். அந்த விலை அவருக்கு வருமா? நூலும் சரிகையும் முதலாளி தந்தவை. வாங்கிய முன்பணம் கணக்கில் நிற்கிறது. சேலையைக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்வதுதான் அவர் அறிந்த சந்தை. விசைத்தறியில் ஓடிய துணிக்கும் 'கைத்தறிப் பட்டு' என்று பெயர் சூட்டி அதே இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. இணையக் கடையின் வாசலில் அதைக் காவலுக்கு நிறுத்தியவர் யார்?

நாம் கருவிக்குப் பகைவர்கள் அல்லர். வீட்டுக்கு மின்விளக்கு வந்தபோது அகல்விளக்குக்காக அழுதவர்கள் நாம் அல்லர். 'உழவன்' செயலி இருக்கட்டும். மின்னணு ஏலம் பரவட்டும். ஆனால் செயலி ஒன்றைத் திறந்துவைத்துவிட்டு, உழவர் துயர் தீர்ந்தது என்று மாலை போட்டுக்கொள்வது, பசித்தவனுக்கு விருந்தின் படத்தைக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

இதை நமக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டால் ஒன்றுக்குச் சாதாரண நெல்லுக்கு 2,500 ரூபாய், சன்ன நெல்லுக்கு 2,545 ரூபாய் என்று தமிழ்நாட்டில் விலை வைக்கப்பட்டது. விற்பதற்கு இணையவழிப் பதிவும் உண்டு. ஆனால் ஈரம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வாங்க விதி இடம் தராது. 2025 அக்டோபர் மழையில், காவிரிப் பாசனப் பகுதியின் கொள்முதல் நிலைய வாசலிலேயே நெல் நனைந்து முளைவிட்டதை நாடே பார்த்தது. அந்த நெல்லுக்கு விலை இல்லையா? இருந்தது. பதிவு இல்லையா? இருந்தது. மேலே ஒரு கூரை இல்லை! ஆட்சியில் யார் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். விடை கேட்க வேண்டியவர்களும் நாம்தாம்.

என்ன செய்ய வேண்டும்? ஊர்தோறும் உலர்களம், கொள்முதல் நிலையந்தோறும் கூரையுள்ள கிடங்கும் உலர்த்தும் எந்திரமும். விற்பனைக் கூடத்தில் நெல்லை வைத்து, அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெற்று, 180 நாள் வரை காத்திருந்து விற்கும் திட்டம் இன்றும் இருக்கிறது. அதை அறிந்த உழவர் எத்தனை பேர்? செயலிக்குச் செய்யும் விளம்பரத்தில் பாதியை அதற்குச் செய்யுங்கள்! ஏலத்துக்குத் தரம் பார்க்கும் ஆளைக் கொடுங்கள். நெசவாளிக்குக் கூட்டுறவின் வழியே நூலும் சரிகையும் கொடுங்கள். கடன் தளை அறுந்தால்தான் இணையக் கடையில் அவர் பெயர் ஏறும்.

தோழர்களே! அடுத்த அறுவடைக்குள் உங்கள் கிளைக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்க் களத்துக்குப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நெல்லை எங்கே உலர்த்துகிறீர்கள்? எத்தனை நாள் காத்திருக்க உங்களால் முடியும்? யாரிடம் கடன்பட்டிருக்கிறீர்கள்? விடைகளை எழுதி, விற்பனைக் கூடத்து மேலாளரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நேரில் கொடுங்கள். பொருளீட்டுக் கடனுக்கு மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் விலை பார்த்துச் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அந்த விலை கிடைக்கும் வரை உழவர் காத்திருக்க வழி செய்வதே கடமை.

மேகம் மேற்கே கறுத்து வரும். அதை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் நெல்லுக்கு மேலே ஒரு கூரை இருந்தால், அந்த உழவர் நிமிர்ந்து நின்று சொல்வார்: 'மழை வரட்டும், தம்பி. என் விலை இது!'

அந்த ஒரு வரிக்காகத்தான் தோழர்களே, அத்தனை உழைப்பும்.