விரிசடையும் விரிகூந்தலும்

கடலூர் மஞ்சக்குப்பத்துக் கடையொன்றில், கண்ணாடிப் பேழைக்குள்ளே, பள்ளிகொண்ட பெருமாளைப்போலப் படுத்துக் கிடக்கிறது அந்தப் பொறி. கற்பூரம் காட்டவில்லை, மற்றபடி, சுற்றி நின்று பார்ப்போரின் முகத்திலே பக்திக்குக் குறைவில்லை! விலைச்சீட்டைப் புரட்டினோம். 30,000 ரூபாய்க்கு மேல்! வைரமோ, வண்டியோ அல்ல, தோழர்களே! தலைமுடியை உலர்த்தும் கருவி!

"நெளிமுடியா? சிலிர்த்து நிற்கிறதா? கவலையை விடுங்கள், ஒரே வாரத்தில் பட்டாகிவிடும்" என்றார் கடைக்காரர். மாதம் 12,000 ரூபாய் ஊதியம் பெறும் பள்ளி ஆசிரியை நாம். மூன்று திங்கள் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால் ஒரு பட்டுக் கூந்தல் கிட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

கேட்கப் போனது நமக்காக அன்று. சிதம்பரத்திலே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பயிலும் தங்கைக்காக. முதல் நாள் இரவு தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"அக்கா, அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம். எல்லாம் பிடித்திருக்கிறதாம். 'தலைமுடி மட்டும் கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தால் தேவலை' என்று தரகர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது 18,000 இருக்கிறது. மீதியை நீ போட முடியுமா?"

அடங்கினாற்போல! அந்தச் சொல்லைக் கவனித்தீர்களா? முடி அழகாக இருக்கவேண்டும் என்று கேட்கவில்லை, அடங்கியிருக்கவேண்டுமாம்! பெண்ணைப் பற்றிக் கேட்கத் துணிவில்லாததை அவள் பின்னலைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள்.

'நாட்டிலே எழுதப் பொருளா இல்லை? கூந்தலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே!' என்று எள்ளி நகையாடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். இந்த நாட்டில் பெண்ணின் கூந்தல் என்றைக்கு வெறும் கூந்தலாக இருந்தது? கணவன் மாண்டால் மழித்தார்கள். மங்கலமென்றால் பூச்சூட்டினார்கள். அவிழ்ந்து கிடந்தால் 'தலைவிரி கோலம்' என்றார்கள். அவிழ்த்தவளை வீட்டுக்கு ஆகாதவள் என்றார்கள். பாண்டியன் அவைக்குள்ளே நீதி கேட்டு நுழைந்த கண்ணகி வாரி முடித்துக்கொண்டா சென்றாள்? விரிந்த கூந்தலோடு சென்றாள். அவளுக்கு 1968-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையிலே சிலை எடுத்தோம். 2001-இல் அகற்றினார்கள், 2006-இல் மீண்டும் நிறுத்தினோம். அவளைச் சிலையாகப் போற்றுகிறோம். அவள் கோலத்திலே நம் வீட்டுப் பெண் கூடத்துக்கு வந்தால் மட்டும் 'போய்ச் சீவிக்கொண்டு வா' என்கிறோம்!

தங்கை பயிலும் ஊரின் விந்தை இன்னும் பெரிது. தில்லையிலே ஆடும் நடராசரைப் பாருங்கள். வடித்த சிற்பி சடையை அடக்கியா வைத்தான்? இருபுறமும் அலையலையாய், காற்றிலே பறப்பதாய், நெளிந்து நெளிந்து விரியும்படியன்றோ வார்த்தான்! அந்த விரிசடையைக் கண்டு கண்ணீர் மல்குகிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதே சன்னதியைச் சுற்றிவிட்டு வீதிக்கு வந்து, பல்கலைக்கழகப் பேருந்திலிருந்து இறங்கும் பெண்ணின் நெளிமுடி காற்றில் இரண்டு இழை பறந்தால், 'இது என்ன கோலம்?' என்கிறார்கள். ஆண்டவன் விரித்தால் தாண்டவம். ஆரணங்கு விரித்தால் அலங்கோலமோ?

நிற்க. ஆத்திரம் மட்டும் போதாது, ஆராயவும் வேண்டும். கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா என்ற வழக்கில், எதிரே நின்றது இறைவனே என்று சொல்லப்பட்டபோதும் ஐயத்தை விடாத நக்கீரன் கதையை நாம் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். நெற்றிக்கண்ணை நாம் நம்புவதில்லை. ஆனால் அந்த ஐயம் நமக்கு வேண்டிய பொருள். ஆகவே பொறியையும் அதன் புகழையும் ஒருமுறை உரசிப் பார்ப்போம்.

முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை. அது நேராக வளர்வதும் நெளிந்து வளர்வதும் தோலுக்குள்ளே மறைந்திருக்கும் வேர்ப்பையின் வடிவத்தைப் பொறுத்தது. அந்த வடிவம் தாய்தந்தையர் வழி வந்தது. வெளியேயிருந்து ஊதும் எந்தக் காற்றும் அந்தப் பையை எட்டாது. இழைக்குள்ளே இரு வகைப் பிணைப்புகள் உள்ளன. கந்தகப் பிணைப்பு உறுதியானது. நீருக்கும் மிதமான சூட்டுக்கும் அசையாது. ஐதரசன் பிணைப்போ, ஆசிரியர் வெளியே போன வகுப்பைப் போன்றது: நீர் பட்டதும் எல்லோரும் இடம் மாறிவிடுவார்கள், உலர்ந்ததும் எங்கே இருந்தார்களோ அங்கேயே அமர்ந்துவிடுவார்கள். ஈரமுடியை இழுத்துப் பிடித்து உலர்த்தினால் நேராவதும், மறுபடி ஈரம் பட்டதும் நெளிவதும் இதனால்தான். இந்த விதியை 2,000 ரூபாய்ப் பொறியாலும் மாற்ற முடியாது. 30,000 ரூபாய்ப் பொறியாலும் மாற்ற முடியாது.

எதிரியின் பக்கமும் பேசுவோம், அதுவே நேர்மை. டைசன் நிறுவனம் 2016-ஆம் ஆண்டு 'சூப்பர்சானிக்' என்ற இந்தப் பொறியை வெளியிட்டது. ஏறத்தாழ 600 முன்மாதிரிகள் செய்து பார்த்ததாகவும், சோதனைக்கு 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தலைமுடி செலவானதாகவும் அந்நிறுவனம் சொல்கிறது. மோட்டாரைத் தலைப்பகுதியிலிருந்து இறக்கிக் கைப்பிடியிலே வைத்தார்கள்; அதனால் கை வலி குறைகிறது. நிமிடத்துக்கு 1,10,000 சுற்று என்கிறார்கள். வீசும் காற்றின் வெப்பத்தை வினாடிக்கு 40 தடவைக்கு மேல் அளந்து, சூடு எல்லை மீறாமல் காப்பதாகவும் சொல்கிறார்கள். நல்ல பொறியியல்! தலையிற் கூசாமல், விரைவாக, கருகாமல் உலர்த்தும். அடர்ந்த முடியை நாள்தோறும் உலர்த்தவேண்டிய நிலையிலிருப்பவர், பணமும் இருப்பவர், வாங்கிக் கொள்ளட்டும். நாம் தடுப்பதற்கில்லை.

ஆனால் கடைக்காரர் விற்றது பொறியையா? இல்லை! 'பட்டாகிவிடும்' என்ற வாக்கை அன்றோ விற்றார்!

அந்த வாக்கு கடலூரிலே எத்தனை நாழிகை நிற்கும்? 1783-ஆம் ஆண்டிலே, செனீவா நகரத்து அறிஞர் சொசூர், காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவி செய்தார். அதன் உயிர்நாடி எது தெரியுமா? எண்ணெய் போக்கிய ஒற்றைத் தலைமுடி! காற்றில் ஈரம் ஏறினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், முள் நகரும். வறண்ட நிலைக்கும் ஈரம் நிறைந்த நிலைக்கும் இடையே முடி நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் நீள்கிறது. ஆக, தங்கையின் தலையிலே பல்லாயிரம் ஈரமானிகள் இருக்கின்றன. அவை தம் பணியைச் செவ்வனே செய்கின்றன! தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று வீசும் ஊரிலே, ஐப்பசி கார்த்திகை அடைமழையிலே, அவை சிலிர்க்காமல் வேறென்ன செய்யும்? காலையில் பட்டாக்கிக்கொண்டு சிதம்பரம் பேருந்தில் ஏறினால், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பட்டு பழையபடி நெளிந்துவிடும்.

'அயனி' என்று இன்னொரு மந்திரம் ஓதுகிறார்கள். எதிர்மின் அயனிகள் முடியிலே ஏறிய மின்னேற்றத்தைத் தணிக்குமாம். தணிக்கட்டும்! ஆனால் முடி மின்னேறி விறைப்பது வறண்ட காற்றிலே. குளிர்நாட்டார் பனிக்காலத்தில் படும் தொல்லை அது. நம் தொல்லை ஈரம். காய்ச்சலுக்குக் கண்மருந்து வாங்குவோமா?

அப்படியானால் நெளிமுடிக்கு எந்தப் பொறியுமே வேண்டாமா? அப்படியும் சொல்லோம். 2011-ஆம் ஆண்டில் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக்கற்றைகளை வெவ்வேறு தொலைவில் உலர்த்திப் பார்த்தார்கள். 5 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தபோது சூடு 95 பாகை. முடியின் மேற்பரப்பு சிதைந்தது. 15 சென்டிமீட்டரில் 47 பாகை. அதிலும் கையை ஓயாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தியபோது கேடு குறைவு. நெடுநேரம் ஈரத்தோடு தானே உலர விட்ட முடியிலோ, உள்ளே செல்களை ஒட்டவைக்கும் பகுதி பழுதுபட்டிருந்தது! 'இயற்கையாய் உலர்த்துவதே சிறந்தது' என்று பாட்டிமார் சொன்னதும் முழு உண்மை அன்று. அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. பகுத்தறிவு பாட்டிக்கும் வளையாது, விளம்பரத்துக்கும் வளையாது.

15 சென்டிமீட்டர்! நம் வகுப்புப் பிள்ளைகளின் பெட்டியில் கிடக்கும் சிறிய அளவுகோலின் நீளம். அதற்கு 30,000 ரூபாயா விலை?

நெளிமுடிக்கு உண்மையில் வேண்டியது 'டிஃப்யூசர்' என்ற பரந்த கிண்ணம். பொறியின் வாயிலே பொருத்துவது. காற்றைச் சிதறடித்து மெல்லப் பாயவிடுவது. நேர்காற்று அடித்தால் நெளிவுகள் கலைந்து இழை இழையாய்ப் பிரியும். நாம் சிலிர்ப்பு என்று பழிப்பது பெரும்பாலும் அந்தப் பிரிவைத்தான். கிண்ணத்திலே முடியை ஏந்தி, குறைந்த சூட்டில், குறைந்த வேகத்தில் உலர்த்தினால் நெளிவு நெளிவாகவே அமையும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். ஈரத்தோடு அகன்ற பல் சீப்பால் வாரவேண்டும். உலர்ந்தபின் சீப்பைத் தொடக்கூடாது. சிறிதளவு எண்ணெயோ களிம்போ ஈரமுடியில் தடவினால் கடற்காற்று உட்புகுவது தாமதப்படும். கிண்ணத்தோடு கூடிய எளிய பொறி 2,000 ரூபாய் சுற்றளவில் கிடைக்கிறது. அது கொஞ்சம் கத்தும், கொஞ்சம் கனக்கும். கத்தட்டுமே! 28,000 ரூபாய் மிச்சம்!

இனி, நோயே அல்லாத ஒன்றுக்கு மருந்து விற்கும் சூழ்ச்சியைப் பாருங்கள். நெளிவு குறையென்று யார் தீர்ப்பு எழுதினார்? நம் சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை தேடி எங்கே போனார்கள்? ஆற்றிலே நீர் வடிந்தபின் கருமணலில் வரி வரியாய்ப் படிந்து கிடக்குமே, அந்த அறலிடம் போனார்கள். கெடிலக்கரையில் நின்று பார்த்தால் இன்றும் தெரியும்: நேர்க்கோடாகவா படிந்திருக்கிறது மணல்? நெளிவே அழகென்று கண்ட இனம் இது. நேர்முடி பெற்ற ஐரோப்பிய மங்கையரோ, 1870-களில் பாரிசு நகரில் மார்செல் கிராட்டோ என்பவர் காய்ச்சிய இடுக்கியால் அலையை உண்டாக்கிக் காட்டியபோது, அதற்குக் காசு கொடுத்தார்கள்! இன்றும் நம் ஏழைப் பெண்கள் கோயிலில் மழித்துக் கொடுக்கும் முடி ஏலம் போய்க் கடல் கடக்கிறது. 'இயற்கை நெளிவு' என்ற பெயரோடு வெளிநாட்டுக் கடையில் விலை போகிறது. தலையில் இருக்கும்வரை குறை. தரையில் விழுந்தபின் சரக்கு! அங்கே நெளிவை விற்பதும் வணிகம், இங்கே நெளிவை நீக்குவதும் வணிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு மாணவியின் உதவித்தொகை.

பெரியார் பெண்களைப் பார்த்துக் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளச் சொன்னார். சீவி முடிக்கும் நேரத்தில் செய்யத்தக்க வேலை ஆயிரம் உண்டு என்பது அதன் கருத்து. தங்கையிடம் நாம் அதையும் சொன்னோம். "எனக்கு என் முடி பிடித்திருக்கிறது அக்கா, அவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை" என்றாள். வெட்டுவதும் வளர்ப்பதும் அவள் விருப்பமாகவே இருக்கட்டும். தரகர் விருப்பமாகாத வரையில் பெரியாரும் நம்மைக் கோபிக்கமாட்டார் என்று நினைக்கிறோம்.

கிண்ணம் வைத்த பொறி ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கி அனுப்பினோம். 'பிடித்தபோது பயன்படுத்து, பெண் பார்க்கும் நாளுக்கென்று பயன்படுத்தாதே' என்று சீட்டும் வைத்தோம். 18,000 ரூபாய், அடுத்த ஆண்டு பி.எட். கட்டணத்துக்கென்று வங்கியிலேயே கிடக்கிறது.

ஞாயிறு நண்பகல் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நாம் காத்திருந்தோம். சாளர ஓரத்து இருக்கையிலிருந்து இறங்கினாள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் காற்று வாரிவிட்டிருந்த கூந்தல், இருபுறமும் அலையலையாய் விரிந்திருந்தது. வீட்டு வாயிலில் நின்ற தரகர் திடுக்கிட்டார்.

"என்னம்மா இது, தலையை இப்படி விரித்துப் போட்டுக்கொண்டு?"

"சிதம்பரத்திலிருந்து வருகிறேன் ஐயா" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் நான்கு மணிக்கு வந்து காப்பி அருந்திச் சென்றார்கள். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. தங்கை மாலைப் பேருந்திலேயே திரும்பிவிட்டாள், மறுநாள் காலை தேர்வு.